தூக்கி வந்தவர்கள்

திருத்தங்கலில் நின்ற நாராயணப் பெருமாளைப் பார்க்கப் பெரிய மலை ஏற வேண்டியதில்லை. தங்காலமலை என்ற சின்னக் குன்றில் பெருமாளும் கருநெல்லிநாதரும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கிறார்கள். திருமங்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பாடிய திவ்யதேசம் இது. வானம் தெளிந்த நாளில் குன்றின் மேல் நின்று மேற்கே பார்த்தால், தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு ஆலை அறைகளையும் கரிசல் காட்டையும் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலை கிடையாய்க் கிடக்கிறது. அதன் மடிப்பு ஒன்றுக்குள் சதுரகிரி இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் என்றால் இந்த வட்டாரத்தில் பலருக்கு அந்த மலைதான் நினைவுக்கு வரும். ஆடி அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம்.

திருத்தங்கல் 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இந்த மண்ணில் ஆபத்து எங்கே என்றால் ஆலையைத்தான் கை காட்டுவார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்து 40 பேர் வரை இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைக் கண்டு பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அவர்கள் வந்து சேர்ந்த பிறகு அடுத்த வெடிப்பு நிகழ்ந்தது. யாரும் அனுப்பாமல், கையில் எந்தக் கருவியும் இல்லாமல், உள்ளே மனிதர் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஓடிய கால்கள் அவை. மலையில் விழுந்தவர்களைத் தூக்கப் போகிறவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கரிசல் கிராமத்துக்காரர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே குணம்.

திருத்தங்கலிலிருந்து சிவகாசி, மல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சாலை மேற்கே போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் கோபுரத்துக்குப் பின்னாலேயே மலை எழுந்து நிற்பதுபோல் தெரியும். அங்கிருந்து மதுரைச் சாலையில் கிருஷ்ணன்கோவில் வரை போய் இடப்பக்கம் திரும்ப வேண்டும். கரிசல் மறைந்து தென்னையும் நெல் வயலும் வருகின்றன. வத்திராயிருப்பு வட்டாரத்தின் பசுமைக்குக் காரணம் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் பிளவக்கல் அணையும். அதே ஓடைகள்தாம் மலையேறுகிறவர்களின் உயிரையும் வாங்கியிருக்கின்றன.

மகாராஜபுரம் தாண்டி தாணிப்பாறையில் சாலை முடிகிறது. இதற்கு மேல் புலிகள் காப்பகம். 1988-இல் நரை அணில் சரணாலயமாக அறிவித்த காடு, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். பிளாஸ்டிக்கும் தீப்பற்றும் பொருளும் மேலே போகக் கூடாது. அடிவாரத்தில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. இந்த மலையின் ஒவ்வொரு ஓடையும் எந்த மாதத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிந்தவர்கள் அவர்கள். காட்டுக் கொடிகளைத் திரித்து ஏணியாக்கி, செங்குத்துப் பாறையில் தொங்கிக்கொண்டு மலைத்தேன் எடுப்பது பளியரின் பழைய தொழில். மேலே ஒருவர் கொடியைக் காவல் காக்க, கீழே ஒருவர் புகை போட்டுத் தேனடையை அறுப்பார். மேலே இருப்பவரின் கையில்தான் கீழே தொங்குகிறவரின் உயிர் இருக்கிறது. மலை மீட்புப் பயிற்சிக் கூடங்களில் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதும் இதுதான்.

ஏற்றம் தொடங்கிய கொஞ்ச தூரத்தில் மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று வரிசையாக வருகின்றன. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. வழுக்குப்பாறையில் மழை நாளில் கால் நிற்காது. சங்கிலிப்பாறையில் சங்கிலியைப் பிடித்துத்தான் ஏற வேண்டியிருந்தது. வெயில் நாளில் ஓடைகளில் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது. குழந்தைகள் இறங்கி விளையாடுவார்கள், பெரியவர்கள் முகம் கழுவிக்கொண்டு பாறை நிழலில் உட்காருவார்கள்.

மேலே முகட்டில் ஒரு மணி நேரம் மழை கொட்டினால் போதும். மலையின் மேல்பகுதி மண் மெலிந்த பாறை. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. பெய்ததெல்லாம் ஓடைக்கு வந்து சேரும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து நிற்கும். 2015 மே மாதம் அமாவாசைக்காக ஏறியவர்களுக்கு நேர்ந்தது அதுதான். காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மேலே சிக்கிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையினர், காவலர்கள், வனத்துறையினர், உள்ளூர்க்காரர்கள் எல்லாருமாக ஓடையின் குறுக்கே கயிறு கட்டி மக்களைக் கடத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மேலே தங்குவதற்கும் மழை நாளில் ஏறுவதற்கும் கட்டுப்பாடுகள் இறுகின.

வெள்ளம் எப்போதோ ஒரு முறை வருவது. அடிக்கடி நடப்பது வேறு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது, மூச்சுத் திணறல், கணுக்கால் முறிவு. நகரத்தில் மாடிப்படிகூட ஏறாத உடம்போடு, விரதம் என்று வெறும் வயிற்றோடு, விடிகாலையில் கிளம்பி மூன்று நான்கு மணி நேரம் ஏறுகிறார்கள். கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப்பாறை, பெரிய பசுக்கிடை, பிலாவடிக் கருப்பு என்று தங்கல் தங்கலாகப் பாதை போகிறது. நாவல் ஊற்றுக்கு மேலே ஒருவர் சாய்ந்துவிட்டால் அவரை எப்படிக் கீழே கொண்டுவருவது? ஆம்புலன்ஸ் தாணிப்பாறையில் நிற்கும். இடையில் இருப்பது பாறையும் படியும் ஓடையும்தான். செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது.

டோலிக்காரர்கள்தான் கொண்டுவருகிறார்கள். நடக்க முடியாத முதியவர்களை மேலே ஏற்றிக் கூலி வாங்குவது அவர்கள் பிழைப்பு. அதே டோலியில்தான் நெஞ்சு வலி வந்தவர் இறங்குகிறார், இறந்தவரும் இறங்குகிறார். ஏற்றத்தைவிட இறக்கம் கொடுமை. முன்னால் இருப்பவர் தோளில் பாரம் முழுதும் சாயும். பின்னால் இருப்பவருக்கு அடுத்த அடி வைக்கும் இடம் தெரியாது, முன்னவர் சொல்லும் சொல்லை நம்பித்தான் காலை வைக்க வேண்டும். எதிரே ஏறி வருகிற கூட்டம் ஒதுங்க இடமில்லாமல் பாறையோடு ஒட்டி நிற்கும். டோலி கடந்துபோகும் வரை அரோகரா சத்தம்கூட ஒரு கணம் அடங்கும். மறுநாள் நாளிதழில் இறந்தவரின் பெயர், வயது, ஊர் எல்லாம் வரும். தூக்கி வந்தவர்களுக்கு ஒரு சொல்: “டோலி மூலம் கொண்டுவரப்பட்டார்.” கொண்டுவந்தது டோலியா?

இதே வேலையைச் செய்து, அதை ஒரு துறையாகவே கட்டி எழுப்பிய ஒருவரின் கதை கடல் தாண்டி ஸ்காட்லாந்தில் இருக்கிறது. ஹாமிஷ் மெக்கின்னஸ், பிறந்தது 1930-இல். பதினேழு வயதில் தானே ஒரு கார் செய்து ஓட்டிய கைக்காரர். 1953-இல், எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் ஏறிய அதே ஆண்டில், ஒரே ஒரு நண்பரோடு, கையில் காசில்லாமல் எவரெஸ்ட் பக்கம் போனவர். அடுத்த சில ஆண்டுகளில் கிளென்கோ என்ற பள்ளத்தாக்கில் குடியேறினார். அங்கே பனிப்பாறையில் விழுகிறவர்களை அவருக்கு முன்பே உள்ளூர் மேய்ப்பர்கள்தான் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். எலியட் என்ற மேய்ப்பர் குடும்பம் அதில் பேர்போனது. மலையேறத் தெரிந்தவர்களையும் மலையில் பிறந்தவர்களையும் ஒன்றாகச் சேர்த்து 1961-இல் கிளென்கோ மலை மீட்புக் குழுவை மெக்கின்னஸ் தொடங்கினார். 1994 வரை அவரே அதன் தலைவர். சம்பளம் கிடையாது. நள்ளிரவில் கதவு தட்டினால் கிளம்ப வேண்டும். அந்தக் குழுவில் எல்லாரும் அப்படித்தான்.

அவருடைய தனிச்சிறப்பு துணிச்சல் மட்டும் என்றால் இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு விபத்தையும் அவர் திருப்பிப் பார்த்தார். மரக் காம்பு போட்ட பனிக்கோடரிகள் முறிந்ததால் உயிர் போனது தெரிந்ததும், முழுக்க உலோகத்தில் பனிக்கோடரி செய்தார். காயம்பட்டவரைக் கொண்டுவரும் ஸ்ட்ரெச்சர் ஒரே ஆள் முதுகில் சுமந்து ஏற முடியாத அளவுக்குக் கனத்ததால், இலேசான உலோகக் கலவையில் மடக்கும் ஸ்ட்ரெச்சர் செய்தார். இன்றும் உலகம் முழுதும் மீட்புக் குழுக்களும் இராணுவங்களும் வைத்திருக்கும் மெக்கின்னஸ் ஸ்ட்ரெச்சர் அதுதான். பனியில் புதைந்தவர்களை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கும் சங்கத்தை 1965-இல் ஏற்படுத்தினார். 1972-இல் பன்னாட்டு மலை மீட்புக் கையேடு ஒன்றை எழுதி வெளியிட்டார். முடிச்சு போடுவது முதல் ஹெலிகாப்டரில் ஏற்றுவது வரை, கண்டதும் கற்றதும் எல்லாம் எழுத்தில் ஏறின.

அவருக்கும் முன்னோடிகள் உண்டு. 1928-இல் இங்கிலாந்தில் ஒரு பாறையிலிருந்து விழுந்து கால் நொறுங்கிய இளைஞரை, நண்பர்கள் வழிகாட்டிப் பலகை ஒன்றைப் பிடுங்கி அதில் கிடத்தி, மணிக்கணக்கில் குலுக்கிக் குலுக்கிச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். கால் போயிற்று. மான்செஸ்டர் அறுவை மருத்துவர் வில்சன் ஹே, விழுந்ததைவிடத் தூக்கி வந்த விதமும் வலியும்தான் அதிகக் கெடுதல் செய்தன என்று கண்டார். மலை அடிவார மீட்பு நிலையங்களில் மார்ஃபின் வைக்க அனுமதி கேட்டார், அரசு மறுத்தது. அனுமதி இல்லாமலே கொடுத்து வைத்தார். 1949-இல் வழக்குப் போட்டு 10 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அந்த அபராதத்துக்குப் பிறகுதான் சட்டம் வழிவிட்டது. தூக்கி வருவது என்பது தோள் பலம் மட்டும் அல்ல, அது ஒரு மருத்துவமும்கூட என்பதை ஹே தன் கையிலிருந்து பணம் கட்டி ஊருக்கு உணர்த்தினார்.

குரங்கணிக்கு அந்த மருந்து தேவைப்பட்டது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ வளைத்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். காய்ந்த புல் ஆளுயரம் நின்ற சரிவு அது. காற்று மாறியதும் தீ மேல் நோக்கி ஓடியது. தப்பிக்கப் பள்ளத்தில் குதித்தவர்களும் உண்டு. முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் எஸ்டேட் தொழிலாளர்களும் வனப் பணியாளர்களும்தான். தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கம்பளியைக் கம்பில் கட்டி டோலியாக்கி, தீக்காயம்பட்ட உடம்புகளை இருட்டில் இறக்கினார்கள். தோல் உரிந்த உடம்பில் கை வைக்க இடமில்லை, ஆனாலும் தூக்கியே ஆக வேண்டும். விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோ வீரர்களும் பெரும்பணி செய்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த முதல் இரவு ஊர்க்காரர்களின் இரவு. சிகிச்சையில் இருந்தவர்களும் அடுத்தடுத்து இறக்க, சாவு எண்ணிக்கை 23 ஆனது.

அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியபோது உள்ளூர்ப் பழங்குடியினரையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தார்கள். நல்ல மாற்றம் இது, மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் முன்பதிவு செய்து காலணி மாட்டிக்கொண்டு போகும் மலையேற்றக்காரர்களைவிட, வெறுங்காலோடு சதுரகிரிக்கும் வெள்ளியங்கிரிக்கும் பர்வதமலைக்கும் ஏறும் பக்தர்கள் பல மடங்கு. அவர்களுக்கு வழிகாட்டி கிடையாது. விழுந்தால் தூக்க யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்தான் மீட்புக் குழு.

பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கும் இதே மலைத்தொடரில் சாட்சி இருக்கிறது. 2006-இல் கொச்சி அருகே மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானல் வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகைப் பிளவுக்குள் விழுந்தார். அதற்கு முன் அங்கே விழுந்த யாரும் உயிரோடு வந்ததில்லை என்று பெயர் எடுத்த இடம். சிஜு டேவிட் என்ற நண்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்த இருட்டுக்குள் இறங்கி அவரை மேலே கொண்டுவந்தார். அவருக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. பிறர் உயிர் காத்தவர்களுக்கு இந்திய அரசு இந்தப் பதக்கத்தை ஏற்படுத்தியது 1961-இல், கிளென்கோ குழு பிறந்த அதே ஆண்டு. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் வந்த பிறகுதான் சிஜுவின் பெயர் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. சொல்ல ஆள் இருந்ததால் வந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வட பகுதியில் நிலைமை இன்னும் ஒரு படி மேல். மகாராஷ்டிரத்தில் அதே மலைக்கு சஹ்யாத்ரி என்று பெயர். அங்கே லோணாவளாவின் ‘சிவதுர்க் மித்ரா’ போன்ற தன்னார்வக் குழுக்கள் பள்ளத்தில் விழுந்தவர்களை எடுப்பதையே தொண்டாகச் செய்கின்றன. எல்லாக் குழுக்களையும் இணைக்க ஒருங்கிணைப்பு மையம் இருக்கிறது. ஒரு எண்ணுக்கு அழைத்தால் அருகில் உள்ள குழு கிளம்பும். 2018 ஜூலை 28 அன்று ஆம்பேனளி மலைப்பாதையில் பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து, சென்றவர்களில் ஒரே ஒருவர் பிழைத்தார். அந்த ஆழத்திலிருந்து உடல்களைக் கயிற்றில் மேலேற்றியதில் மகாபலேஷ்வர் ட்ரெக்கர்ஸ், சஹ்யாத்ரி ட்ரெக்கர்ஸ் குழுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பகலில் வேலை, கடை என்று இருக்கிற சாதாரண மனிதர்கள் அவர்கள்.

தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தமிழ்நாட்டுத் தளம் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து வத்திராயிருப்புக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். நெஞ்சு வலிக்காரருக்கு அந்தக் கணக்கு உதவாது. வத்திராயிருப்புத் தீயணைப்பு வீரர்கள் வண்டியில் தாணிப்பாறை வரை விரைவாக வந்துவிடலாம், அதற்கு மேல் அவர்களுக்கும் கால்தான். ஆகவே முதல் ஒரு மணி நேரம் பளியர்கள், டோலிக்காரர்கள், கோயில் பணியாளர்கள், வழியில் மோர் விற்பவர்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்கு என்ன கொடுத்திருக்கிறோம்? நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் பயிற்சியை ஒரு நாளில் கற்றுக்கொடுக்கலாம். மடக்கும் ஸ்ட்ரெச்சர் ஒன்று கோரக்கர் குகையிலும் ஒன்று பெரிய பசுக்கிடையிலும் இருந்தால், டோலி கீழேயிருந்து ஏறி வரும் நேரம் மிச்சமாகும். சிக்னல் இல்லாத இடத்துக்கு வயர்லெஸ் வேண்டும். தூக்குகிறவர் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தால் அவர் குடும்பத்துக்குக் காப்பீடு வேண்டும். வெள்ளத்துக்கு ஊர்த் தன்னார்வலர்களைப் பழக்கும் ‘ஆப்த மித்ரா’ திட்டம் இருக்கும் நாட்டில் இது எதுவும் எட்டாத காரியம் அல்ல.

மெக்கின்னஸ் வாழ்க்கையின் கடைசிப் பகுதி இந்த இடத்தில் முக்கியமாகிறது. 2014-இல், எண்பத்து நான்கு வயதில், சிறுநீர்த் தொற்று ஒன்று அவர் மூளையைக் குழப்பியது. முதுமை மறதி நோய் என்று தவறாக நினைத்து மருத்துவமனையில் அடைத்தார்கள். தான் யார், எந்த மலை ஏறினேன் என்பதே மறந்துபோயிற்று. தப்பித்துப்போகப் பல முறை முயன்றார். தொற்று குணமான பிறகும் நினைவு திரும்பவில்லை. அப்போது தான் எழுதிய இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்களையும் தன்னைப் பற்றிய படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தும் பார்த்தும் தன் வாழ்க்கையைத் தானே திரும்பக் கற்றுக்கொண்டார். அந்தக் கதை 2018-இல் ஆவணப்படமாக வந்தது. 2020 நவம்பர் 22 அன்று தொண்ணூறு வயதில் காலமானார். எழுதி வைத்திருந்ததால் கிளென்கோவின் ஒவ்வொரு மீட்பும் அவருக்கு மட்டுமல்ல, அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு குழுவுக்கும் பாடமாகக் கிடைத்தது.

சதுரகிரிக்கு அப்படி ஒரு குறிப்பேடு வேண்டும். பைகளைச் சோதிக்கும் அதே தாணிப்பாறைச் சாவடியில் ஒரு பெரிய நோட்டு இருந்தாலே போதும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன நேர்ந்தது, யார் யார் தூக்கினார்கள், கீழே வர எவ்வளவு நேரம் ஆனது என்று எழுத வேண்டும். சில அமாவாசைகள் கழித்துப் புரட்டினால், எந்தப் பாறைக்குக் கைப்பிடி வேண்டும், எந்தத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் வைக்க வேண்டும், எத்தனை வயதுக்கு மேல் இரத்த அழுத்தம் பார்த்து அனுப்ப வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். பதக்கத்துக்குப் பரிந்துரைக்கப் பெயர்களும் அதில் இருக்கும். முதல் பக்கத்தில் 2015 மே மாத வெள்ளத்தை எழுதலாம். அன்று ஓடையில் கயிறு பிடித்தவர்கள் வத்திராயிருப்பு, மகாராஜபுரம், தாணிப்பாறைப் பக்கம் இன்னும் இருப்பார்கள். போய்க் கேட்டு, பெயர்களோடு எழுதிவிடலாம்.